கணவனுக்கு ஈரோடு சொன்ன பாடம்

இல்லறம் பற்றிய நூல்களுக்குத் தமிழில் குறைவில்லை. கணவனை நோக்கிப் பேசும் நூல்கள்தாம் அரிது. குறளின் ‘வாழ்க்கைத் துணைநலம்’ மனைவிக்கு வேண்டிய மாண்புகளை வகுக்கிறது. ‘பெண்வழிச் சேறல்’ ஆணின் பக்கம் திரும்புகிறது. ஆனால் மனைவியின் சொல்லுக்கு அடங்கிவிடாதே என்று எச்சரிப்பதற்காகத் திரும்புகிறது. ‘பிறனில் விழையாமை’ ஆணைக் கண்டிப்பது உண்மை. எனினும் அது அடுத்தவன் வாசலில் நிற்கும் ஆணுக்கான அறம். தன் வீட்டுக்குள், தன் மனைவியோடு, ஓர் ஆண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் தனி அதிகாரம் இல்லை. பிற்கால நீதிநூல்கள் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. பலவும் மனைவிக்கான கட்டளைகளைக் கூட்டிக்கொண்டே போயின.

அந்தப் பேச்சின் திசையை மாற்றிய ஊர் ஈரோடு. 1925 மே மாதம் அங்கே தொடங்கிய ‘குடிஅரசு’ இதழில் பெரியார் எழுதிய கட்டுரைகள், சுயமரியாதைத் திருமண மேடைகளில் ஆற்றிய உரைகள், 1933இல் மனைவி நாகம்மையார் மறைந்தபோது எழுதிய இரங்கல் ஆகிய மூன்றையும் சேர்த்தால் ஆணுக்கான ஓர் இல்லறப் பாடம் கிடைக்கிறது. போற்றுவோரும் தூற்றுவோரும் இதைத் தனித்தனித் துண்டுகளாகவே எடுத்தாள்கிறார்கள். ஒரே பாடமாக நிறுத்தி எடை போட்டால்தான் அதன் வலிமையும் குறையும் தெரியவரும். அறிவுரையை மதிப்பிட, கருத்து சரியா தவறா என்று பார்ப்பது மட்டும் போதாது. அது சொல்கிறவனைக் கட்டுப்படுத்துகிறதா, கேட்டவன் மறுநாள் காலையில் அதைக் கொண்டு ஏதாவது செய்ய முடியுமா என்பவையும் அளவைகள்தாம்.

‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற பெரியாரின் தொகுப்பில் உள்ள பத்துக் கட்டுரைகளின் முதல் சிறப்பு, அவை ஆணின் நல்ல மனத்தை நம்பி எழுதப்படவில்லை என்பது. 1927இல் வெளிவந்த திரு.வி.க.வின் ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ நூலோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். திரு.வி.க. பெண்மையை உயரத்தில் வைத்து, ஆணை வணங்கச் சொல்கிறார். அவருடைய நடையில் கனிவு உண்டு. உடன் வாழ்ந்தவரின் அன்பும் உண்டு. ஆனால் வணக்கத்துக்குரியவளாக இருக்க வேண்டும் என்பதே பெண்ணுக்கு ஒரு கடமையாகி விடுகிறது. பெரியார் வணக்கத்தைக் கேட்கவில்லை. ஏற்பாட்டை மாற்றச் சொல்கிறார். கற்பு நல்லது என்றால் அது இருவருக்கும் உரியது, ஒருவருக்கு மட்டும் என்றால் அதற்கு அறம் என்று பெயர் சூட்ட இயலாது என்பது அவர் வாதம். வள்ளுவர் பெண்ணாகப் பிறந்து எழுதியிருந்தால் ‘வாழ்க்கைத் துணைநலம்’, ‘பெண்வழிச் சேறல்’ என்ற இரண்டு அதிகாரங்களும் இப்படியே இருந்திருக்குமா என்று அவர் கேட்பது வெறும் சீண்டல் இல்லை. எழுதுகிறவன் எங்கே நின்று எழுதுகிறான் என்று கேட்கும் நேர்மையான திறனாய்வு முறை அது.

கர்ப்பத்தடைக் கட்டுரையில் இந்த முறை உச்சம் தொடுகிறது. அக்காலத்தில் கருத்தடையை ஆதரித்தவர்கள் தாயின் உடல்நலத்தையும் குடும்பத்தின் வறுமையையும் காரணமாகச் சொன்னார்கள். பெரியார் அவற்றை மறுக்காமல் ஒதுக்கிவைத்து, பெண்ணின் விடுதலையே தமக்குக் காரணம் என்கிறார். முதல் இரண்டு காரணங்களிலும் முடிவு கணவனின் கையிலேயே இருக்கலாம். வசதியும் நலமும் இருக்கும் வீட்டில் அந்தக் காரணங்கள் செல்லாமலும் போகலாம். மூன்றாவது காரணம் ஒன்றுதான் முடிவெடுக்கும் உரிமையை இடம் மாற்றுகிறது. இத்தனை துல்லியமான பகுப்பை அன்றைய தமிழ் உரைநடையில் காண்பது அரிது.

சொத்துரிமைக் கட்டுரையின் பலத்தை அறியக் கொங்குக் கிராமத்தைவிட நல்ல இடம் இல்லை. இங்கே காடு தோட்டம் மகனுக்கு, நகையும் சீரும் மகளுக்கு என்பது நெடுங்கால வழக்கம். ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் 1942இல் வந்தது. கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. ஒரு பங்குக் கேள்வியைத் தாங்க முடியாத குடும்பம் எதன்மேல் கட்டப்பட்டிருந்தது என்பதை அந்த நாவல் எந்தக் கொள்கையும் பேசாமல் காட்டிவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கோரித் தீர்மானம் போட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு தரும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வர 1989 ஆயிற்று. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. நோயை இவ்வளவு முன்கூட்டிக் கண்டவருக்கு உரிய மதிப்பைக் குறைக்க வழியில்லை.

குறை எங்கே தொடங்குகிறது? தொகுப்பின் கடைசிக் கட்டுரையில். பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்கிறார். எலிக்குப் பூனையால் விடுதலை கிடைக்காதது போல ஆண்கள் பாடுபட்டுப் பெண் விடுதலை வராது என்பது அதன் வாதம். தருக்கம் வலுவானது, அதன் விளைவை மட்டும் அவர் பின்தொடரவில்லை. ஆண் எதைச் செய்தாலும் அது பூனையின் வேலைதான் என்றால், மணமேடையில் மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசுவது எதற்காக? பேசுவதை அவர் நிறுத்தவும் இல்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் மணமேடைகளில் பேசினார். ஆண்மை என்ற அதிகாரத்தைக் கழற்றி வைத்த பிறகு எஞ்சும் மனிதன் யார், அவன் கோபத்தை என்ன செய்வான், தோல்வியை யாரிடம் சொல்வான், மனைவி தன்னைவிட அதிகம் சம்பாதிக்கும் வீட்டில் எப்படி உட்காருவான் என்ற கேள்விகள் கட்டுரைகளில் இல்லை. ‘காதல்’ கட்டுரை இந்த இடத்தில் கைகொடுத்திருக்கலாம். அது காதலின் தெய்வீகத்தை உடைக்கும் வேலையைத் திறம்படச் செய்கிறது. மாறக்கூடிய ஓர் ஆசைதான் காதல் என்று நிறுவுகிறது. மாறக்கூடிய ஒன்றை முப்பதாண்டு எப்படிப் பேணுவது என்ற அடுத்த கேள்விக்கு அது போகவில்லை. விலக்க வேண்டியவற்றின் பட்டியல் நிறைவாக இருக்கிறது. பழக வேண்டியவற்றின் பக்கம் ஏறக்குறைய வெறுமை.

மணமேடைப் பேச்சுகள் அந்தப் பக்கத்தை ஓரளவு நிரப்புகின்றன. கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதே, வரவுக்குள் வாழ், பிள்ளைகளைக் குறைத்துக்கொள், மனைவியைப் படிக்க வை, அவளை வேலைக்காரியாக்காமல் நண்பராக நடத்து. இவை எளியவை, செய்யக்கூடியவை. கிராமத்து ஆணுக்கு மறுநாள் காலையிலேயே பயன்படுபவை. புரோகிதர், தீவலம், நல்ல நேரம் ஆகியவற்றை நீக்கிய சடங்கு வடிவமும் இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான சட்டகம். 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இத்திருமணங்கள் செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. ஒரு சமூக இயக்கம் தன் சடங்கைச் சட்டமாக்கிக் காட்டியது அரிய சாதனை.

ஆனால் கொங்கு மண்ணில் வைத்துப் பார்க்கையில் இந்த வடிவத்தின் ஓர் எல்லை தெளிவாகும். கொங்கு வேளாளர் திருமணத்தில் மரபாகச் சீர்களை நடத்துபவர் பிராமணப் புரோகிதர் அல்லர். அதே சமூகத்தைச் சேர்ந்த, இல்லறத்தாரான அருமைக்காரர். மங்கல வாழ்த்தைச் சொல்பவர் நாவிதர். மாப்பிள்ளையின் சகோதரியை முன்வைத்து இணைச்சீர் செய்கிறார்கள். வேத மந்திரத்தை மையமாகக் கொள்ளாத, தமிழிலேயே வாழ்த்திய மரபு இது. அப்படியிருந்தும் நிலம் மகனுக்கே போயிற்று. மருமகள் கடைசியாகத்தான் சாப்பிட்டாள். சாதிக்குள்தான் பெண் எடுக்கப்பட்டது. புரோகிதரை நீக்குவது வேறு, கணவனின் அதிகாரத்தை நீக்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பெரியார் இந்த மண்ணின் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்தவர். தம் சடங்கு விமரிசனம் பெரும்பாலும் புரோகிதரைச் சுற்றியே அமைந்ததால் இந்தச் சான்றை அவர் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கணிப்பு. 7ஏ பிரிவும் மாலை மாற்றுவதையோ மோதிரம் அணிவிப்பதையோ தாலி கட்டுவதையோ ஏற்கிறது. சடங்கைத் தளர்த்துகிறது, வீட்டைத் தொடுவதில்லை. இன்று கோவைப் பகுதி மண்டபங்களில் மாலை மாற்றி முடித்த கையோடு எத்தனை பவுன் என்ற பேச்சும் நடக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மீறி மணந்த தம்பதியரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டினார்கள், இளைஞர் இறந்தார். கணவனாகப் போகிறவனுக்கு மட்டும் அறிவுரை சொன்னால் போதாது. தகப்பனாகவும் அண்ணனாகவும் இருக்கும் ஆணுக்கும் சொல்லியாக வேண்டும். பெரியாரின் உரைகளில் இந்த இரண்டாவது ஆண் அவ்வப்போது வருகிறான். வேண்டிய அளவு வரவில்லை.

இனி, சொன்னவரையே அந்தச் சொல் கட்டுப்படுத்தியதா என்ற அளவை. பெரியாரின் திருமணம் 1898இல் நடந்தது. அவருக்கு 19 வயது, நாகம்மையாருக்கு 13. இளம் கணவர் தம் மனைவியின் கோயில் பழக்கத்தை விட வைத்த கதையை வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. திருவிழாவுக்குப் போன அவரை ஊருக்குப் புதிதாய் வந்த தாசி என்று நண்பர்களிடம் காட்டிக் கேலி செய்ய வைத்தாராம். பயந்துபோன அவர் அதன்பின் கோயிலுக்குப் போகவில்லை. தாலியைக் கழற்ற வைத்த கதையும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் இவற்றைக் குறும்பாகவும் பகுத்தறிவின் தொடக்கமாகவும் எழுதிச் சென்றார்கள். கட்டுரைகளின் அளவுகோலை வைத்தால் இவை அதே ஆண்மையின் செயல்கள்தாம். நம்பிக்கையை விடுவது நல்லதா என்பது வேறு கேள்வி. அச்சுறுத்தி விட வைத்தது தவறு. அதைக் கணவன் என்ற இடத்திலிருந்து செய்தது கூடுதல் தவறு.

அதே வீட்டில் பின்னாளில் நடந்தவையும் கணக்கில் சேர வேண்டும். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் பெரியாரின் தங்கை கண்ணம்மையாரும் முன்நின்று நடத்தினார்கள். 1924இல் வைக்கம் கோயில் தெருப் போராட்டத்துக்குப் போய் நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். அவர்களுடைய ஒரே குழந்தை சில மாதங்களிலேயே இறந்துவிட்டது. அதைக் காரணம் காட்டிப் பெரியார் இன்னொரு பெண்ணை மணக்கவில்லை. அக்காலக் கொங்குச் செல்வக் குடும்பத்தில் அது சிறிய செய்தியன்று. கோயிலுக்குப் போகவிடாமல் அச்சுறுத்தப்பட்ட பெண், கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடியது அவர்களிடையே உறவு வளர்ந்ததைக் காட்டுகிறது. ஆயினும் அந்த வளர்ச்சியில் நாகம்மையாரின் தேர்வு எவ்வளவு, கணவரின் பாதையைப் பின்பற்றியது எவ்வளவு என்று பிரித்தறிய அவர் கைப்பட எழுதிய சாட்சியம் நம் வாசிப்புக்கு எட்டவில்லை. நமக்குக் கிடைப்பது பெரியார் சொன்னது மட்டும்தான்.

அவர் சொன்னதில் உச்சம் 1933 மே 14 ‘குடிஅரசு’ இதழில் வந்த இரங்கல். நாகம்மையார் இறந்தது மே 11. மூன்றே நாளில் அச்சேறிய எழுத்து அது. கணவனுக்கான பாடங்களில் தமிழில் இதற்கு நிகராக இன்னொன்றை நான் கண்டதில்லை. பெண்ணுரிமை பற்றி ஊருக்குச் சொன்னதில் மிகச் சிறிய பங்கைக்கூடத் தம் மனைவியிடம் தாம் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தமக்கு அருகதை இல்லை என்று எழுதுகிறார். அவள் தமக்கு வாழ்க்கைத் துணையாக இருந்தாள். தாம் அவளுக்குத் துணையாக இருந்தோமா என்பது நினைவுக்கே வரவில்லை என்கிறார். இந்த இரண்டாவது வாக்குமூலம் முதலாவதைவிடக் கூர்மையானது. கொடுமை செய்தேன் என்று ஒப்புக்கொள்ளும் ஆண்கள் உண்டு. நினைவில் தேடிப் பார்த்தும் தன் பங்காக எதுவும் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொள்பவன் அரிது. பத்துக் கட்டுரைகளும் செய்யாத ஒன்றை இது செய்கிறது: ‘ஆண்மை’ என்ற பொதுப்பெயரின் இடத்தில் ஒரு குறிப்பிட்ட கணவனை, பெயரோடும் தேதியோடும் நிறுத்துகிறது.

நடையும் இந்தச் சாதனைக்குத் துணைநிற்கிறது. எல்லாம் போயிற்று என்று புலம்பும் இரங்கல் மரபு அவருக்குத் தெரியும். அதைத் தொட்டுவிட்டு விலகுகிறார். இன்பமா துன்பமா, இலாபமா நட்டமா என்ற கேள்விகளை வணிகக் குடும்பத்தில் பிறந்தவரின் மொழியில் கேட்கிறார். தம் இளமைக்காலத்து மைனர் வாழ்வை மறைக்கவில்லை. அந்தக் காலத்திலும் பொதுவாழ்வுக் காலத்திலும் அவளே தாங்கினாள் என்கிறார். அலங்காரம் குறைந்த இந்த வாக்கியங்களின் பளு, உருக்கமான எந்தக் கையறுநிலையையும்விட அதிகம்.

ஆனால் இரங்கலின் பிற்பகுதி அந்த உயரத்தில் நிற்கவில்லை. அவளுடைய 48 வயதை இந்தியரின் சராசரி ஆயுளோடு ஒப்பிட்டு, இது அற்ப ஆயுள் ஆகாது என்று ஆறுதல் கணக்குப் போடுகிறார். அவள் மறைவை மகிழ்ச்சியாகவும் இலாபமாகவும் கருத விரும்புவதாகச் சொல்லி, குடும்பத் தொல்லை நீங்கிப் பொதுத்தொண்டுக்கு வழி பிறந்ததாக முடிக்கிறார். துயரத்தைத் தாங்க அவர் கண்ட வழி இது என்று புரிந்துகொள்ளலாம். அவள் இறந்த மறுநாளே திருச்சிக்குப் போய்த் தடையை மீறி ஒரு திருமணத்தை நடத்திக் கைதானவர் அவர், சொன்னபடியே செய்தார். எனினும் அளவை அளவைதான். தன் வாழ்வுக்காகவே அவள் வாழ்ந்தாள் என்று முற்பகுதியில் கண்டுகொண்ட குற்றத்தை, பிற்பகுதியில் அவளுடைய இறப்பையும் தன் வேலைக்குப் பயனாக்கிக்கொள்வதன் மூலம் மறுபடி செய்கிறார். ஒப்புக்கொண்டபின் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது. கேட்க வேண்டியவள் இறந்தபின் வந்த ஒப்புதல் என்பதும் மறக்கத்தக்கதன்று.

அவர் விட்ட இடத்தை நிரப்பிய எழுத்து அதே கொங்கில் எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து வந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலின் காளி, பெரியாரின் கட்டுரைகளில் இல்லாத கணவன்: அன்பானவன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தையில்லை, ஊர் ஏசுகிறது, இரண்டாம் திருமணத்தை மறுக்கிறான். மனைவி பொன்னாளை அவன் நேசிப்பதில் ஐயமில்லை. ஆனால் குழந்தையில்லாப் பெண் வேறோர் ஆணோடு கூடிக் கருவுறலாம் என்று நாவல் சொல்லும் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் பற்றிய பேச்சு எழும்போது, அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று திறந்து பேசும் துணிவு அவனுக்கில்லை. சோதிப்பதுபோல் கேட்கிறான், அவள் தந்த பதிலில் நொறுங்கிப் போகிறான், பிறகு மௌனமாகிறான். அந்த மௌனத்தில் மற்றவர்கள் அவளுக்காக முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆண்மை அடிக்கும் கையில் மட்டும் இல்லை, அணைக்கும் கையிலும் இருக்கிறது என்பதைக் கட்டுரை வடிவம் சொல்ல முடியாமல் போனது, நாவல் சொல்லியது. அதே ஆசிரியரின் ‘கங்கணம்’ (2007), முப்பத்தைந்தைத் தொட்டும் பெண் கிடைக்காத ஒரு கவுண்டர் இளைஞனின் கதை. பெண் குழந்தை வேண்டாம் என்று தலைமுறையாக எடுத்த முடிவுகளின் விலையை மகன்கள் செலுத்தும் காலம் அதில் பதிவாகியிருக்கிறது. பெரியாரின் சொத்துரிமைக் கட்டுரையை இந்த நாவலோடு சேர்த்துப் படிக்கும் இளைஞனுக்கு அந்தக் கட்டுரை பழையதாகத் தோன்றாது.

1949 ஜூலையில் நடந்த பெரியாரின் இரண்டாம் திருமணத்தைத் தொடாமல் இந்த மதிப்பீட்டை முடிப்பது நேர்மையாகாது. அவர் எழுபதை நெருங்கியிருந்தார்; அவர் மணந்த மணியம்மையார் பல பத்தாண்டுகள் இளையவர். பொருந்தா வயது மணத்தை எதிர்த்துப் பேசிய இயக்கம் அது; இரண்டே மாதத்தில் பிளந்து தி.மு.க. பிறந்தது. இயக்கச் சொத்தைக் காக்க ஒரு சட்டபூர்வ வாரிசு தேவை என்பது பெரியார் தந்த காரணம். நிறுவன ஏற்பாடாக அது விளங்கத்தக்கது. இல்லறப் பாடமாகப் பார்த்தால், திருமணத்தைச் சொத்துக்கான கருவியாக்குவதையே அவருடைய கட்டுரைகள் கண்டித்தன; இந்த முரணைக் காரணம் எதுவும் அழிக்காது. மறுபுறம், 1973 டிசம்பரில் அவர் மறைந்தபின் திராவிடர் கழகத்தின் தலைமையை ஏற்றவர் மணியம்மையார். அடுத்த ஆண்டே சென்னையில் இராவண லீலாவை நடத்தி, 1978இல் மறையும்வரை கழகத்தை வழிநடத்தினார். துணைவி என்ற நிலையிலிருந்து தலைவர் என்ற நிலைக்குப் போன இந்தப் பயணம் அந்தத் திருமணத்தின் கணக்கில் வரவாகவே எழுதப்பட வேண்டும். முரணும் வரவும் ஒன்றையொன்று கழித்துவிடுவதில்லை, இரண்டும் நிற்கின்றன.

மணமகனுக்கு இந்தத் தொகுதியிலிருந்து ஒன்றை மட்டும் கொடுக்கச் சொன்னால் நான் கட்டுரைத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதன் கருத்துகள் பலவற்றைச் சட்டம் ஏற்றுவிட்டது. ஏற்காதவற்றுக்காக வாதாட இன்று பெண்களே இருக்கிறார்கள். 1933இன் அந்தச் சில பத்திகளைக் கொடுப்பேன், பிற்பகுதியையும் வெட்டாமல். முற்பகுதியில் ஒருவர் தம்மை அளந்துகொண்டதையும், பிற்பகுதியில் அந்த அளவிலிருந்து நழுவியதையும் அவன் ஒன்றாகவே படிக்க வேண்டும். மனைவி உயிரோடு, பதில் சொல்லும் தூரத்தில் இருக்கும்போதே படிக்க வேண்டும்.